ஆட்டிப் பார்த்தல்

சுற்றுப்பாதையில் தராசு வேலை செய்யாது.
இரண்டு தட்டும் சும்மா மிதக்கும்.
அங்கே ஒருவரின் கனம் தெரியவேண்டுமானால்
சுருள்வில்லில் உட்காரவைத்து ஆட்டிப் பார்ப்பார்கள்.
மெதுவாக ஆடினால் கனம்.
சீக்கிரம் ஆடினால் இலேசு.

இதை எனக்குச் சொன்னது ஒரு விண்ணப்பம்.
எண் 2114. யாஸ்னா பர்ரியா, புந்தா அரீனாஸ்,
வயது இருபத்துநான்கு.
'உங்களைப் பற்றி' என்ற பெட்டியில்
எல்லோரும் ஆர்வம், உழைப்பு என்று நிரப்பியிருக்க
இவள் சுருள்வில்லைப் பற்றி எழுதியிருந்தாள்.
கீழே இன்னும் இரண்டு வரி:
எங்கள் ஊரில் காற்று முற்றும் நாளில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள், பிடித்து நடக்க.
எடையைப் பற்றி யோசிப்பது அங்கே தொடங்கியது.

சாந்தியாகோ. ஜூலை. ஏழாவது மாடி.
மலைத்தொடரைப் புகை விழுங்கிவிட்ட காலை.
நான் வடிகட்டியின் பராமரிப்பாளர்.
அதாவது, மூவாயிரம் பேர் உள்ளே போய்
நாற்பது பேர் வெளியே வரும் ஓர் இயந்திரத்துக்கு
எண்ணெய் போடுகிறவள்.
அவள் நாற்பதில் இல்லை.
மதிப்பெண் 41.
விண்ணப்பம் வந்தது அதிகாலை மூன்று மணி ஏழு நிமிடம்.
வருத்தக் கடிதம் போனதும்
மூன்று மணி ஏழு நிமிடம்.

அந்த நேரம் அவள் இரவுப் பணியில் இருந்தாளாம்.
துருவம் தாண்டி ஏறிவரும் ஒரு செயற்கைக்கோளை
ஒன்பது நிமிடம் ஆன்டெனாவில் பிடித்துவைத்தபடி.
அது எங்களுடையதாக இருந்திருந்தால் நல்ல கதை.
எங்களுடையது அல்ல.
யாரோ கடலில் மீன் எண்ணுகிறவர்களுடையது.

ஆட்டிப் பார்த்தேன்.

யாஸ்னாவை யெர்கோ ஆக்கினேன்.
வேறெதையும் தொடவில்லை.
52.

'பெண்கள் துடுப்புப்படகு அணித் தலைவி.'
முதல் சொல்லை அழித்தேன், தலைவியைத் தலைவர் ஆக்கினேன்.
63.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் படிப்பை நிறுத்திய எட்டு மாதத்துக்கு
'சொந்தத் தொழில்' என்று பெயர் வைத்தேன்.
71.

அறுபத்தெட்டு இருந்தால் நேர்காணல்.
பாதை இயக்கவியலில் அவள் வாங்கிய முதலிடம்
நான்கு தடவையும்
அதே இடத்தில், அதே எழுத்தில், அப்படியே இருந்தது.

சீக்கிரம் ஆடுவது இலேசானது.
அவளே எழுதியிருக்கிறாள்.

பிறகு, மதியம், எல்லோரும் கீழே போனபின்
ரொட்டியைக் கடித்தபடி
என் பழைய விண்ணப்பத்தை உள்ளே போட்டேன்.
38.

பொடித்துகள் விசைப்பலகையில் விழுந்தது.
துடைத்தேன். மறுபடி போட்டேன்.
38.

என்னை எடுத்தவர் ஒரு மனிதர். சளி பிடித்திருந்தது அவருக்கு.
என் காகிதத்தைச் சரியாகப் படிக்கவில்லை.
திங்கட்கிழமை வரமுடியுமா என்று கேட்டார்.
அதை நியாயம் என்று சொல்லமாட்டேன்.
கதவு என்று சொல்வேன்.

உர்ருத்தியா சிரித்தார் கூட்டத்தில்.
'அதற்குக் கண்ணே இல்லையே,
ஆண் பெண் எப்படிப் பார்க்கும்?'
கண் இல்லைதான்.
பத்து வருடமாக நாம் குலுக்கிய கைகளைத்
தடவித் தடவிப் படித்திருக்கிறது.
எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுக் கை.
இதைச் சொன்னபோது என் குரல் உடைந்தது.
'உணர்ச்சிவசப்படாதீர்கள்' என்றார் ஒருவர், தண்ணீரை நகர்த்தி.
நான் எண்களைத் திரையில் விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.
எண்கள் உணர்ச்சிவசப்படவில்லை.

வடிகட்டியை இரண்டு வாரம் நிறுத்தினார்கள்.
இரண்டே வாரம்.

யாஸ்னாவை அழைத்தேன். நேர்காணலுக்கு வாருங்கள் என்றேன்,
நடந்ததையும் சொன்னேன், சொல்லக்கூடாது என்றிருந்தும்.
அந்தப் பக்கம் வெகுநேரம் காற்று மட்டும் கேட்டது.
இணைப்பு அறுந்ததோ என்று நினைத்தபோது
'மற்றவர்களையும் ஆட்டிப் பார்த்தீர்களா?' என்றாள்.

மணி ஏழு நாற்பது.
சுத்தம் செய்கிறவர் பாதி விளக்கை அணைத்துப் போயிருந்தார்.
எண் 1ஐத் திறந்தேன்.